மின்சைக்கிளுக்கு இரண்டு கியர்: எந்த வழி?

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை, இரண்டாவது கியர் எதற்கு என்று கேட்பார்கள். வெங்காய மூட்டையோடு பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றில் ஓடினால் தெரியும்.

பல் வைத்த கிளச்சை நகர்த்தி மாற்றுவது ஒரு வழி. இடம் குறைவு. ஆனால் கடினப்படுத்திய உருக்கு வேண்டும். வேகம் பொருந்தாமல் மாற்றினால் பல் மழுங்கும்.

மற்றது, மோட்டரையே திருப்பிச் சுற்றவிடுவது. மோட்டருக்கும் சில்லுக்கும் நடுவிலுள்ள இடைத்தண்டின் இரு முனையிலும் வெளிநோக்கி ஒவ்வொரு பிறீவீல், அதாவது ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும் பிடித்து, மறுபக்கம் வழுக்கும் பல்சக்கரம். ஒரே வகையாக இருந்தாலும் எதிரெதிர்த் திசையில்தான் பிடிக்கும், அதுதான் இதன் அழகு! முன்னோக்கிச் சுற்றினால் செயின் வழியே 2:1, அதாவது தண்டு இரண்டு சுற்றுக்குச் சில்லு ஒரு சுற்று. பின்னோக்கிச் சுற்றினால், திசையை மாற்றும் பல்சக்கரச் சோடி வழியே 4:1. சில்லு எப்போதும் முன்னோக்கியே ஓடும். 4:1இல் வேகம் பாதி, இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு. மாற்ற ஒரு சுவிட்ச் போதும். மோட்டர் நின்ற பிறகுதான் திருப்ப வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பற்றரி சார்ஜ் ஆகாது, அது ஒரு குறைதான். ஆனாலும் சைக்கிள் கடைச் சாமானை வைத்தே பெரும்பகுதியைச் செய்யலாம் என்பதால், நான் இதைத்தான் சொல்வேன்.