எம்ஜிபியா, ஸ்பிட்ஃபயரா: காரைக்குடிப் பட்டறைக்கு எது ஒத்துவரும்?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் தேடித் தேடிக் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள். ஒன்று எம்ஜிபி, இன்னொன்று ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டும் 1962-இல் வந்தவை, 1980-இல் நின்றுபோனவை. எம்ஜிபியை ஆபிங்டனில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஸ்பிட்ஃபயரைக் கவென்ட்ரியில் 3 லட்சத்துக்கு மேல். எண்ணிக்கையையும் பெயரையும் பார்த்தால் எம்ஜிபிதான் பெரிய கை. ஆனால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வைத்துப் பழுது பார்த்து ஓட்டப் போகிறவருக்கு நான் ஸ்பிட்ஃபயரைத்தான் சொல்வேன்.

காரணம் ஹெரால்டு. சென்னை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. அந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிப்படையில், நீளத்தைக் குறைத்துச் செய்த சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், நிற்பதுதான் ஸ்பிட்ஃபயர். முன் சஸ்பென்ஷன் அதே வகை, பின்னால் குறுக்கே போட்ட ஸ்பிரிங் பட்டையும் அதே ஏற்பாடு. செட்டிநாட்டு மோட்டார் கொட்டகைகளில் ஐயா காலத்து ஹெரால்டு ஒன்று இன்றும் தூசியோடு நிற்பதுண்டு. அதைக் கழற்றி மாட்டிய மெக்கானிக்குகள் வயதாகிவிட்டாலும் ஊரில் இருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் ஒரே கோயில் பங்காளிகள். எம்ஜிபிக்கும் அம்பாசடருக்கும் இருப்பது தூரத்துச் சம்பந்தி உறவு.

இந்தச் சம்பந்தி உறவைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் நிறைய. 'அம்பாசடர் இன்ஜின்தானே, எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்' என்பார்கள். பாதி உண்மை. பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்' குடும்பம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், இரண்டிலும் 89 மில்லிமீட்டர்தான். ஆனால் 'போர்' எனப்படும் சிலிண்டரின் உள்விட்டம் அம்பாசடரில் 73, எம்ஜிபியில் 80. பிஸ்டனும் ரிங்கும் மாற்றிப் போட முடியாது. அம்பாசடருக்கு உண்மையிலேயே நெருங்கிய உறவு எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ. 1955-இல் வந்த அந்த வண்டியின் முதல் இன்ஜின் அதே 1489 சிசி, அதே போர், அதே ஸ்ட்ரோக். அழகிலும் எம்ஜிஏதான் ஒரு படி மேலே என்பது என் கட்சி. விலையும் அப்படியே மேலே போகும் என்பதால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

சரி, எம்ஜிபியின் பெரிய தலைவலிக்கு வருவோம். அதற்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிறதே ஒரு தகரப் பெட்டி, 'சில்' என்பார்கள், அதுதான் மேல்கூரை இல்லாத வண்டியைத் தாங்குகிறது. உள்ளுக்குள் அடுக்கடுக்காகத் தகடு. வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்கும், உள்ளே துரு தின்று முடித்திருக்கும். வண்டியை அதற்குரிய ஜாக்கிப் புள்ளியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தால், இடுக்கு கோணலானால், பேரத்தை நிறுத்திவிடலாம். அந்தப் பெட்டியை வெட்டி மாற்றும்போது கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வெல்டு செய்து பாடியைப் பிடித்து நிறுத்தாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். டிங்கரிங்கில் கெட்டிக்காரராக இருப்பது மட்டும் இதற்குப் போதாது, அளவு பார்த்து வேலை செய்யும் ஆள் வேண்டும். ஸ்பிட்ஃபயரிலும் இந்தப் பெட்டி பலம் தாங்குகிறது என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் கீழே தனி சேசிஸ் இருப்பதால் பாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிச்சட்டத்தைத் தனியாகச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, மறுபடி ஏற்றலாம். லாரி சேசிஸ் வேலை பார்த்த எந்தப் பட்டறைக்கும் இது புரிகிற வேலை.

துருவைப் பொறுத்தவரை நம்ம பக்கம் அதிர்ஷ்டம்தான். செம்மண் புழுதி உண்டு, உப்புக் காற்று கிடையாது. துருவைப் பற்றி ஆராய்கிற சிக்ரியே, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே, இருப்பது காரைக்குடியில். 1948-இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழும்பியது அது. கடலரிப்பைச் சோதிக்க அவர்கள் மண்டபத்துக்குத்தான் போகிறார்கள் என்பதிலிருந்தே நம் ஊர்க் காற்று எப்படி என்று தெரிந்துகொள்ளலாம். ஆகவே வண்டி இங்கே வந்தபிறகு துருவேறுவது மெதுவாகத்தான். எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். சென்னையிலோ மும்பையிலோ கடற்கரை வீட்டில் நின்ற வண்டியென்றால் அடியில் படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஸ்பிட்ஃபயருக்கும் குறைகள் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் கம்பத்தின் கீழே ட்ரன்னியன் என்று வெண்கலத்தில் ஒரு உறுப்பு. கம்பத்தின் மரைத் தண்டு அதற்குள் திரும்பும். அதற்குப் போட வேண்டியது இபி 90 கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் உள்ளே இறுகிப்போனால் மரை காய்ந்து, துருவேறி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இன்றைய சர்வீஸ் பையன் கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டுதான் வருவான். ஹெரால்டு பார்த்த பெரியவரிடம் விடுங்கள், கன்னுக்குள் ஆயிலை ஊற்றி அடிப்பார். இரண்டாவது, இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் இருக்கும் புல்லியைப் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் ஆடினால், வாஷர் தேய்ந்துவிட்டது அல்லது கீழே விழுந்தே விட்டது. அப்படியே ஓட்டினால் பிளாக் போய்விடும். மூன்றாவது, பழைய மாடல்களின் பின்சக்கரம் வளைவில் வேகமாகத் திரும்பி ஆக்சிலரேட்டரை விட்டால் உள்ளே மடங்கப் பார்க்கும். 1970-இல் வந்த மார்க் 4-இல் பின் பட்டையை மாற்றியமைத்து இதைச் சரிசெய்தார்கள். அதனால் மார்க் 4 கிடைத்தால் அதையே எடுங்கள். 1296 சிசி, போதுமான இழுவை.

வேலை செய்ய ஸ்பிட்ஃபயர் மாதிரி சுகமான வண்டி குறைவு. பானட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினைப் பார்க்கலாம், குனிய வேண்டியதில்லை. திரும்பும் வட்டம் ஏறத்தாழ 24 அடிதான், எம்ஜிபிக்கு 32. பின்தெருவில் இருக்கும் பழைய கொட்டகைக்குள் வண்டியை நுழைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த எட்டடியின் அருமை தெரியும்.

ஓட்டம் என்று வந்தால் எம்ஜிபி ஜெயிக்கிறது. திருச்சி ரோட்டில் நீண்ட தூரம் போக அதன் பெரிய இன்ஜினும் கனமும் நிதானம் தரும். நீண்ட ஓட்டத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இருந்தால் இன்னும் நல்லது. சித்திரை வெயிலிலும் அதற்கு ஒரு சாதகம் உண்டு. எம்ஜிபியின் எஸ்யூ எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பு பின்பக்கம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் பம்பு இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் வெயிலில் ரோட்டோரம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது பெட்ரோல் ஆவியாகி மக்கர் பண்ணும். ஸ்பேரும் எம்ஜிபிக்குத்தான் தாராளம். முழு பாடியே 1988 முதல் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்கவரி கட்டிக் கொண்டுவர மனசும் பணமும் இருந்தால் எம்ஜிபியில் தீராத பிரச்சினை என்று எதுவுமே இல்லை. 1974 கடைசியில் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் மாடலை எல்லோரும் இகழ்வார்கள், ஆனால் அமெரிக்கச் சட்டத்துக்காக அதன் உயரத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் கூட்டினார்கள். நம் ஊர் வேகத்தடைகளைப் பார்த்தபிறகு எனக்கு அந்த அசிங்கமான பம்பர்மேல் கோபம் வருவதில்லை.

இரண்டுக்கும் பொதுவாகச் சில வேலைகள் உண்டு. 1967-க்கு முந்தைய வண்டிகளில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. பட்டறையில் பழக்கதோஷத்தில் பேட்டரியை மாற்றி இணைத்துவிடுவார்கள், பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். இன்றைய இ20 பெட்ரோலில் இருக்கும் 20 சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு ஹோஸ் அத்தனையும் புதிதாக, எத்தனால் தாங்கும் வகையாகப் போட வேண்டும். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக வால்வு சீட்டையும் இன்ஜின் தலையைக் கழற்றும்போதே கடினமானதாக மாற்றிவிடலாம். சீட்டும் ஹூடும் தைக்க மட்டும் வெளியூர் போக வேண்டாம். பஸ் சீட்டு தைப்பவரிடம் பழைய உறையைக் கொடுத்தால் போதும்.

ஒரு வேண்டுகோள்: ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பேர் வேண்டும் என்று நல்ல ஹெரால்டைப் பிரித்துவிடாதீர்கள். இந்திய ஹெரால்டின் 948 சிசி பிஸ்டன் ஸ்பிட்ஃபயருக்குச் சேராது, முன் பிரேக்கும் வேறு. ஓடாமல் கிடக்கும் கூடு ஒன்று கிடைத்தால் மட்டும் அதிலிருந்து எடுங்கள்.

காகித விஷயமும் உண்டு. 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வாராவாரம் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிப் போகிற எண்ணம் இருந்தால் சாதாரண ஆர்.சி. உயிரோடு இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், சேசிஸ் நம்பரையும் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.