மூன்று வருடக் கிராவல் சைக்கிளும் ஒரு டிக் சத்தமும்

போன வாரம் நண்பன் கேட்டான்: "நீ வைத்திருக்கிற அதே மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" அன்றைக்குத்தான் என் சைக்கிளை நான்காவது தடவையாக ரிப்பேர் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். "வேண்டாம்" என்றேன். ஏன் என்றான். சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவனுக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. மிச்சத்தை எழுதியாவது தீர்த்துக்கொள்கிறேன்.

தார்ச்சாலையிலும் மண்சாலையிலும் ஓடும் கிராவல் சைக்கிள். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், முன்னால் ஒரே பல்சக்கரம், உள்ளே டியூப் இல்லாத 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர். இந்த வகையறா தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் வேண்டாம். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போதிருக்கும் மனநிலையில் சொன்னால் அது விமர்சனமாக இருக்காது, சாபமாகத்தான் இருக்கும்.

நான் ஓட்டுவது பெரும்பாலும் தென் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில். அடிலெய்டுக்கு வடக்கே, காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆபர்னில் தொடங்கி வாட்டர்வேல், பென்வர்த்தம், செவன்ஹில் வழியாகக் கிளேரைத் தாண்டிப் போகிறது ரீஸ்லிங் டிரெயில் என்ற சைக்கிள் பாதை. ரீஸ்லிங் என்பது இங்கே விளையும் ஒரு வெள்ளை வைன் திராட்சை, அதன் வைனுக்கும் அதே பெயர். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1983 பிப்ரவரியில் சாம்பல் புதனன்று பரவிய காட்டுத்தீயில் தண்டவாளம் சேதமானது, அப்புறம் ரயில் பாதையையே மூடிவிட்டார்கள். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் இருக்கும், ஆனால் கால் வலித்த பிறகுதான் ஏறிக்கொண்டிருந்தோம் என்றே தெரியும்.

உண்மையைச் சொன்னால் அந்த டிரெயிலுக்குக் கிராவல் சைக்கிளே தேவையில்லை. கூடை வைத்த சாதாரண சைக்கிளில் குழந்தைகளோடு போகிறவர்களைப் பார்க்கலாம். இந்த சைக்கிள் தன் விலைக்கு வேலை செய்வது டிரெயிலை விட்டுப் பிரியும் மண்சாலைகளில்தான். வாட்டர்வேல் பக்கம் சுண்ணாம்புப் பாறைமேல் செம்மண், கிழக்கே போலிஷ் ஹில் ரிவர் பக்கம் போனால் ஸ்லேட். இரண்டு இடத்து ரீஸ்லிங்குக்கும் சுவை வேறு என்பார்கள். எனக்கு வைன் நாக்கு கிடையாது. டயருக்கடியில் இரண்டும் வேறு என்பது மட்டும் தெரியும். காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் ஸ்லேட் சில்லுகள்மேல் இந்த சைக்கிள் போகிற போக்கு இருக்கிறதே, அதற்காக எத்தனையோ மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது அந்த டிக்.

வலது பெடல் கீழே இறங்கும்போது ஒரு டிக். இடது பெடலுக்குச் சத்தமில்லை. மறுபடி வலதுக்கு டிக். ஊருக்குள் வண்டிச் சத்தத்தில் கேட்கவே கேட்காது. வார நாள் காலையில், கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சை வரிசையும் எங்கோ ஒரு மேக்பைப் பறவையின் குரலும் தவிர ஒன்றுமில்லாத சாலையில், நிமிடத்துக்கு எண்பது தடவை டிக். அமைதிக்காக இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அதைக் கெடுக்கும் ஒரே பொருளின் மேல் நாமே உட்கார்ந்திருக்கிறோம். கடைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "ஒன்றும் கேட்கவில்லையே" என்பார். டாக்டர் வாசலில் நின்றுபோகும் பல்வலி மாதிரிதான்.

சந்தேகம் முதலில் விழுந்தது பாட்டம் பிராக்கெட்மேல். பெடல் அச்சு சுழலும் பேரிங் அது. என் சைக்கிளில் இருந்தது பிரெஸ்-ஃபிட் வகை. அதாவது ஃபிரேமில் மரை கிடையாது, வெறும் துளை. பேரிங் வைத்த கிண்ணத்தை அதற்குள் அழுத்தித் திணித்துவிடுவார்கள். ஃபிரேம் செய்கிறவருக்கு வேலையும் செலவும் மிச்சம். துளை ஒரு மயிரிழை பிசகினாலும் மிதிக்கிற மிதியில் கிண்ணம் அசையும், அந்த இடுக்கில் புழுதி போகும், அப்புறம் டிக்.

இதைக் கிளேரில் வைத்து நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. 2000ஆம் ஆண்டு இந்தப் பள்ளத்தாக்கின் வைன்காரர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் ரீஸ்லிங்குக்குக் கார்க்கைக் கைவிட்டு, திருகு மூடிக்கு மாறினார்கள். கார்க்கிலிருந்து சில பாட்டில்களில் ஈர அட்டைப்பெட்டி வாடை ஏறிவிடுகிறது என்பதுதான் அவர்கள் புகார். திணித்து அடைப்பதை நம்பாதே, மரை போட்டுத் திருகு. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் புரிந்துகொண்ட விஷயம், அதே ஊரில் ஓடும் என் சைக்கிளைச் செய்தவருக்குப் புரியவில்லை.

மூன்றாவது ரிப்பேரில் நானும் மரைக்கே மாறினேன். இடது கிண்ணமும் வலது கிண்ணமும் ஃபிரேமுக்குள் ஒன்றோடொன்று திருகிப் பூட்டிக்கொள்ளும் வகை. பழைய துளையிலேயே உட்காரும். கூலியோடு 240 டாலர். மூன்று மாதம் சத்தமே இல்லை. அந்த மூன்று மாதமும் இந்த சைக்கிளைப்போல் ஒன்று உலகத்தில் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பனுக்கு இந்த மாடல்மேல் ஆசை வந்ததும் அப்போதுதான், பாவம்.

பிறகு பென்வர்த்தம் ஏற்றத்தில் மறுபடி டிக்.

அந்த ஊரை நிறுவிய ஜான் ஹாரக்ஸின் கதை தெரியுமா? 1846இல் உள்நாட்டுக்குள் பயணம் போனபோது ஹாரி என்ற ஒட்டகத்தையும் கூட்டிப்போனார். துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டிருந்தபோது ஒட்டகம் அசைய, துப்பாக்கி வெடித்து அவரையே காயப்படுத்தியது. பென்வர்த்தமுக்குத் திரும்பி வந்து அதிலேயே இறந்துபோனார். சாகும் முன் ஒட்டகத்தையும் சுட்டுவிடச் சொன்னார். முன்பெல்லாம் அந்தக் கதையில் ஒட்டகத்தின் பக்கம் இருந்தேன்.

நான்காவது ரிப்பேரில்தான் ஆள் பிடிபட்டான்: பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் துண்டு. அது ஃபிரேமோடு ஒட்டும் இடத்தில் புழுதி. கழற்றித் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, மறுபடி முடுக்கினார். பத்து நிமிட வேலை. பின்சக்கரத்துப் பக்கம் பிறக்கும் சத்தம் ஃபிரேம் வழியாக ஓடி, காலடியிலிருந்து வருவதுபோலக் கேட்குமாம். அப்படியானால் பாட்டம் பிராக்கெட் உண்மையிலேயே குற்றவாளியா, அல்லது அந்த வேலைக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதில்தான் மூன்று மாதம் அமைதியாக இருந்ததா? 240 டாலரை நினைத்து இந்தக் கேள்வியை மெக்கானிக்கிடம் கேட்காமல் வந்துவிட்டேன். முதல் தடவையே "ஹேங்கரைத் துடைத்துப் பார்த்தீர்களா?" என்று அவர் கேட்டதும், ஹேங்கர் எது என்று தெரியாமலே நான் "ஆமாம்" என்றதும் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. இருவரும் பேசவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் டிக் கேட்டதற்கு இரண்டு வாரம் முன்பு விக்டோரியாவில் யாரா பள்ளத்தாக்கில் ஓட்டிவிட்டு வந்தேன். அங்கே ஃபிலாக்ஸெரா உண்டு. திராட்சை வேரைத் தின்னும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. தென் ஆஸ்திரேலியாவுக்குள் அது வரவில்லை, வரவிடவும் மாட்டார்கள். கிளேரில் தோட்ட வாசல்தோறும் 'உள்ளே நுழையாதீர்' பலகை அதற்குத்தான். சாலையோடு போக வேண்டும், கொடி வரிசைக்குள் படத்துக்காகக்கூட இறங்கக் கூடாது. நானும் பொறுப்பான மனிதனாக, யாரா மண் ஒரு பொட்டுகூட ஒட்டியிருக்கக் கூடாது என்று சைக்கிளைப் பிரெஷர் பம்ப் தண்ணீரில் அடித்துக் கழுவினேன். அப்படிப் பீய்ச்சினால் இருக்கிற கிரீஸ் வெளியே போகும், அழுக்கு உள்ளே போகும் என்று பிறகு படித்தேன். வாளித் தண்ணீரும் பிரஷும் போதுமாம்.

பஞ்சரைப் பற்றி நண்பன் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெயில் காலத்தில் அந்தப் பக்கம் ஓரங்களில் கிடக்கும் முள்ளைக் கால்ட்ரப் என்கிறார்கள். குனிந்து எடுத்துப் பார்த்தால் நம்ம நெருஞ்சி! அதே மஞ்சள் பூ, அதே முள். ஒருநாள் டயரிலிருந்து ஏழு பிடுங்கினேன். ஒவ்வொன்றுக்கும் டயருக்குள் ஊற்றி வைத்த சீலன்ட், அதாவது ஓட்டையடைக்கும் திரவம், உஸ்ஸென்று வெள்ளையாக நுரைத்து, சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றியதும் அடைத்துக்கொண்டது. வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு மாதத்துக்கொரு தரம் ஊற்றிக்கொள்கிறேன். மூன்று வருடத்தில் வழியில் நின்றது ஒரே ஒருமுறை, அதுவும் ஊற்ற மறந்த மாதத்தில்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் என் பதில் மாறவில்லை. வாங்காதே. விலை இறங்கினாலும் வாங்காதே. மரை வைத்த பாட்டம் பிராக்கெட்டோடு வேறு ஏதாவது பார்.

நேற்று அவனே கூப்பிட்டான். "சரி, புதுசு வேண்டாம். உனக்குத்தான் பிடிக்கவில்லையே, உன்னுடையதைப் பாதி விலைக்குக் கொடுத்துவிடு. சத்தத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன்."

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேண்டும்" என்றேன்.

"அதற்கடுத்த வாரம்?"

"அதற்கடுத்த வாரமும்."