ஷெஃபீல்டில் அரை நாள்: ஷெப்பர்ட் வீலா, அபிடேலா?

இரண்டுமே இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் நீர்ச்சக்கரத்தில் ஓடிய பழைய பட்டறைகள். எதற்குப் போவது?

வயது: ஷெப்பர்ட் வீல் 1584-ம் ஆண்டு உயில் ஒன்றிலேயே வருகிறது, 1930 வரை ஓடியது. அபிடேலின் கட்டடங்கள் பெரும்பாலும் 18, 19-ம் நூற்றாண்டு, 1933-ல் மூடினார்கள்.

தண்ணீர்: ஷெப்பர்ட் வீலுக்கு நீர் தரும் போர்ட்டர் ஓடை சின்னது. குளத்தில் தேக்கி, மதகு திறந்து, சுமார் 5.5 மீட்டர் சக்கரத்தின் தலையில் கொட்டவிட்டார்கள். குளம் வற்றினால் சாணைக்கல் நின்றது, கூலியும் நின்றது. அபிடேலில் ஷீஃப் ஆற்று நீர். ஒரே குளம், நான்கு சக்கரங்கள்.

வேலை: ஷெப்பர்ட் வீலில் கத்திக்குச் சாணை மட்டும். மர இருக்கையில் கால் பரப்பி உட்கார்ந்து, குனிந்து, சுழலும் மணற்கல்லில் அலகை அழுத்துவார்கள். மஞ்சள் சேறு தெறித்துச் சுவரெல்லாம் அப்பும். கல் தூசி நுரையீரலைத் தின்றது. இதைச் சொல்லாமல் அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை. அபிடேலில் நீண்ட புல்லரிவாள்: உருக்குக் காய்ச்சுவதிலிருந்து சாணைவரை ஒரே வளாகத்தில்.

செலவு: ஷெப்பர்ட் வீல் இலவசம், திறக்கும் நாட்கள் குறைவு. அபிடேலுக்கு டிக்கெட்.

பிள்ளைகளோடு, முழுத் தொழிலையும் பார்க்க அபிடேல். குளக்கரையில் நடந்து, ஒரே ஒரு சக்கரத்தை நிதானமாகப் புரிந்துகொள்ள ஷெப்பர்ட் வீல். என் ஓட்டு இதற்குத்தான்.