ஆர்15-க்கு 150 டயர்: போட்டேன், கழற்றினேன்

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்கள் தெருவில் மட்டும் நாலு யமஹா ஆர்15 பைக் நிற்கும், அதில் இரண்டில் பின் டயர் 150 மி.மீ. அகலம். பின்னாலிருந்து பார்த்தால் பெரிய வண்டி மாதிரி இருக்கும், காரணம் அவ்வளவுதான். என் ஆர்15 வி3-இல் (மூன்றாம் பதிப்பு) வண்டியோடு வந்த 140/70 பின் டயர் வழுக்கையானதும் நானும் ஜேசி ரோட்டில் ஒரு டயர் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் தர்மபுரிப் பக்கம். "தம்பி, 150/60 போட்டுக்க, இதே ரிம்ல உக்காரும், கிரிப் சும்மா அள்ளும்" என்றார். உட்கார்ந்தது உண்மைதான். டயர் கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு ரப்பரில் இல்லை, அளவில்.

ஓசூர் ரோட்டில் நேராக ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ஏலகிரி போனோம். அங்கே 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர் வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் பார்வையைத் திருப்பினால் திரும்புகிற வண்டி, இப்போது ஹேண்டிலைத் தள்ளித் தள்ளிச் சாய்க்க வேண்டியிருந்தது, சாய்ந்ததும் பாதியில் சட்டென்று கவிழ்கிற மாதிரி விழுந்தது. பாரி வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டேன், நல்லவேளை மேலிருந்து எதுவும் வரவில்லை. தேரைக் கொடுத்தவர் பெயர் வைத்த இடத்தில் நானும் என் வண்டியைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன், டயர் வாங்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. 140/70 என்றால் டயரின் அகலம் 140 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 98 மி.மீ. 150/60-க்கு 90. ஆக வண்டியின் பின்பக்கம் 8 மி.மீ. இறங்கிவிட்டது, முன் ஃபோர்க் அந்த அளவுக்கு மல்லாந்துவிட்டது, அதனால்தான் திரும்புவதற்கு அந்தச் சோம்பல். போதாததற்கு ஆர்15 ரிம் 140-க்காகச் செய்தது, 150-ஐ மாட்டினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுமுதுகு கூம்பிவிடும், சட்டென்று விழுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்று, டயர் அகலமாக ஆக, சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து தள்ளிப் போகும், அதே வேகத்தில் அதே வளைவை எடுக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டும். கிரிப்புக்காக வாங்கியவன் அதைச் சாய்வுக்கே செலவழித்தேன்.

சரி, இப்போது போட்டிருப்பது மிஷ்லின் பைலட் ஸ்ட்ரீட் ரேடியல், 140/70 ஆர்17. இந்த முறை கடையில் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத் தேதியைக் குனிந்து படித்தேன். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம், 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம். சுற்றும் திசை அம்புக்குறியையும் மாட்டும்போது கூட நின்று பார்த்தேன். புது டயரில் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

அதற்கப்புறம் பழைய வண்டி திரும்பக் கிடைத்தது. ஒரு சாயங்கால மழையில் தொம்மலூர் மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு மேல் ஏறும்போது பயந்துகொண்டேதான் போனேன், நழுவவில்லை. நந்தி மலை ஏறும்போது உடம்பைச் சாய்த்தால் வண்டியும் கூடவே சாய்கிறது, நடுவில் அந்தத் தடுமாற்றம் இல்லை. காற்று மட்டும் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காலையில் டயர் சூடாகும் முன் பிடிக்கிறேன், பங்க்கில் கண்ணை மூடிக்கொண்டு 40 பிஎஸ்ஐ அடித்துவிடுகிறார்கள்.

கழற்றிய 150 மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. எதிர்வீட்டுப் பையன் இரண்டு முறை விலை கேட்டுவிட்டான், அவனிடமும் ஆர்15தான், கொடுக்கவில்லை. கேடிஎம் டியூக் 390 பைக் வைத்திருப்பவர் யாராவது வந்தால் தருவேன், அதற்குக் கம்பெனி கொடுக்கிற அளவே அதுதான்.