இறுகிப்போன போல்ட்டுக்குச் சூடா, ஈஸி அவுட்டா?

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். வருடக்கணக்காக உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு கொட்டிலில் நின்ற அப்பாவின் ஹோண்டா எம்.டி. 90-ஐப் போன வருடம் பிரித்தேன். ஜப்பானில் தபால்காரர்கள் ஓடிய அதே மாடல். சைலன்சரை ஹெட்டோடு (எஞ்சினின் மேல்தலை) பிடிக்கும் இரண்டு ஸ்டட்டில் (தலையில்லாத போல்ட்) ஒன்று பேசாமல் கழன்றது. மற்றது ‘டக்’. பாதி கையில், பாதி ஹெட்டில்.

லேசாகப் பிடித்திருந்தால் டபிள்யூடி-40 அடித்து ஒரு இரவு விட்டாலே போதும். பக்கக் கவரில் இருக்கும் ‘பிளஸ்’ ஸ்குரூக்களுக்கு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) பிட் வாங்குங்கள். சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் வழுக்கி ஏறித் தலையைத் தின்றுவிடும். சரி, இதெல்லாம் தெரிந்த கதை. எண்ணெய்க்கும் மசியாததைச் சுட்டு எடுப்பதா, உடைந்த துண்டில் துளை போட்டு ஈஸி அவுட் என்ற கூம்புத் திருகை இறக்கித் திருப்பி எடுப்பதா என்பதுதான் கேள்வி.

ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. உப்பு ஈரம் பட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், அதனால் திருகுப் புரியையே அடைத்துவிடும். எண்ணெய் நுழைய வழியில்லை. ஆனால் சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஆகவே ஸ்டட்டை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் ஹெட்டைத்தான் சுட வேண்டும்.

ஹெட்டைக் கழற்றி, பெற்றோல் வாடையே இல்லாத இடத்தில் வைத்து, சின்னக் காஸ் டோர்ச்சால் வட்டமாகச் சுட்டேன். அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காது. சுத்த அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், ஹெட்டின் கலப்பு அலுமினியம் அதற்கும் முன்பே திடீரென்று உருகத் தொடங்கிவிடும். அதனால் கண்ணை நம்பாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். விழுந்ததும் துள்ளி ஓடியது. டோர்ச்சை எடுத்துவிட்டு, ஸ்டட்டின் அடியில் மெழுகுதிரியைத் தொட்டேன். மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கியது. வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்தபோது பக்கத்தில் நின்ற மெக்கானிக் பாஸ் சொன்னார்: “முதல்ல இறுக்கிப் பாரு மனே, பிறகு கழட்டு.” ஒரு மயிரிழை இறுக்கினேன். ‘கீச்’ என்று ஒரு சத்தம். அப்புறம் கொஞ்சம் அந்தப்பக்கம், கொஞ்சம் இந்தப்பக்கம். மூன்றாவது சூட்டில் வெளியே வந்தது, புரியெல்லாம் வெள்ளைப் பொடியோடு. மெழுகு உதவியதா, சூடு மட்டுமே செய்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஈஸி அவுட்டின் பெயரில்தான் ஈஸி இருக்கிறது. ஆறு மில்லி ஸ்டட்டின் நடுப்புள்ளியில் துளை போட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் டிரில் பிட் இரும்பை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் சரிந்துவிடும். கூம்பாக உள்ளே இறங்கும் ஈஸி அவுட், ஏற்கெனவே இறுகிய ஸ்டட்டை இன்னும் அகட்டும். அதுகூடப் பரவாயில்லை. அது கடினமான, நொறுங்கும் இரும்பு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கும். ஒரு கவர் போல்ட்டில் எனக்கு நடந்தது. லேத் பட்டறையில் அரை நாள் நோண்டி எடுத்தார்கள், புரி போய்விட்டது, ஹெலிக்காயில் (புதுப் புரி தரும் கம்பிச் சுருள்) போட வேண்டி வந்தது.

என் கணக்கு முழுக்க இதிலேதான் நிற்கிறது. சூடு பலிக்காவிட்டால் ஹெட் ஆறுகிறது, நாளைக்குத் திரும்பவும் சுடலாம். ஈஸி அவுட் பலிக்காவிட்டால் முந்தியதைவிடக் கெட்ட நிலையில் நிற்பீர்கள்.

ஸ்டட் ஹெட்டோடு மட்டமாக உடைந்து, பிடிக்கவே ஒன்றும் இல்லையென்றால்? அதன்மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் அடித்துத் திருப்புவார்கள். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டட்டும் உள்ளிருந்தே சூடாகும். நான் இதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், கையால் செய்ததில்லை. ஆனாலும் ஈஸி அவுட்டுக்கு முன் இதற்குத்தான் போவேன். எஞ்சினைக் கழற்றாமல் சுடுகிறவர்கள் பெற்றோல் டாங்கியை இறக்கிவிட்டு, எண்ணெய் சீல்களுக்குப் பக்கத்தில் நெருப்பைக் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஸ்டட்டுக்குச் செம்பு கிரீஸ் பூசிப் போட்டேன். பேசாமல் கழன்ற மற்றதையும் எடுத்துப் பூசினேன்.