கோவையில் மூன்று மாதம், தூத்துக்குடியில் ஆறு வாரம்: ஒரே கார், ஒரே வேக்ஸ்

காருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வேக்ஸ் போட வேண்டும் என்று யாராவது கேட்டால், எந்த ஊர், என்ன தண்ணீர், வண்டி நிற்பது நிழலிலா வெயிலிலா என்று நான் திருப்பிக் கேட்பேன். நழுவுகிற பதில் மாதிரி இருக்கும். ஆனால் ஒரே கருநீல ஹேட்ச்பேக்குக்கு கர்னாபா என்ற தாவர மெழுகு கலந்த ஒரே பேஸ்ட் வேக்ஸை முதலில் கோயம்புத்தூரிலும், மாற்றலாகி வந்த பிறகு தூத்துக்குடியிலும் வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்தவன் வேறு பதில் சொல்ல முடியாது. கோவையில் ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கியது. இங்கே பானெட்டில் ஆறு வாரம் தாண்டினாலே பெரிய விஷயம்.

கோவையில் வண்டி நின்றது அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், கூரைக்கு அடியில். கழுவக் கிடைத்தது சிறுவாணித் தண்ணீர். (குடிக்கிற தண்ணீரில் கார் கழுவினாயா என்று திட்டுகிறவர்கள் திட்டலாம். இரண்டு வாளிக்கு மேல் போனதில்லை.) உப்பு மிகக் குறைவான அந்தத் தண்ணீர் காய்ந்தாலும் கறை விடாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் வண்டியை அழுக்காக்கும், அவ்வளவுதான். வேக்ஸை ஒன்றும் செய்யாது. அங்கே இருந்தவரை டப்பாவில் போட்டிருந்த 'மூன்று மாதம்' என்பதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடி கதை வேறு. வண்டி நிற்பது திறந்த வெளியில். கோடையில் கச்சான் என்கிற மேல்காற்று அடித்தால் தேரிக்காட்டுச் செம்மணலும் உப்பளத்துப் பக்கத்துப் புழுதியும் சேர்ந்து வந்து படியும். துறைமுகப் பக்கம் போய் வந்தால் கரித்தூளும் கூட. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, கழுவினால் போய்விடும். சாதா உப்பு தண்ணீரில் கரைகிற சாமான். உண்மையான எதிரி போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் துளி காய்ந்த இடத்தில் வெள்ளை வளையமாக உட்கார்ந்துவிடும். கருநீல வண்டியில் அது எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வேக்ஸ் நன்றாக இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், அதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுவோம். ஆனால் கடின நீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால், பரவிக் காய்வதைவிட மோசம். உப்பு முழுவதும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் குவிகிறது. வேக்ஸ் போட்ட வண்டியைப் போர் தண்ணீரில் கழுவிவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விட்டால், போடாத வண்டியைவிட அதிகக் கறை வரும். அதனால் இந்த ஊரில் வேக்ஸ் போடுகிறவர் கூடவே நல்ல தடிமனான மைக்ரோஃபைபர் துண்டும் வாங்கியாக வேண்டும். ஒரு பகுதியைக் கழுவியதும் அதை உடனே ஒற்றி எடுத்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். கறை விழுந்துவிட்டால், புதிதாக இருக்கும்போதே தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் துடைத்தால் கரையும். வினிகரோடு அந்த இடத்து வேக்ஸும் பலவீனமாகும் என்பதால், அங்கே மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கும். என்னுடைய ஆறு வாரக் கணக்குக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிக் காரணம் வெயில். கர்னாபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையில் படிகிற மெழுகு. வறட்சியில் ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தனக்காகச் சுரப்பது. இயற்கை மெழுகுகளில் மிகக் கெட்டியானது, உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். மே மாதத்து மதியத்தில் கருமையான பானெட் 70 டிகிரிப் பக்கம் போகும். அப்படியென்றால் உருகாதே என்று தோன்றும். ஆனால் டப்பாவில் இருப்பது தனிக் கர்னாபா இல்லை. கையால் தேய்க்க வரவேண்டும் என்பதற்காகக் கரைப்பான், எண்ணெய், இளகலான வேறு மெழுகுகள் எல்லாம் கலந்திருக்கிறார்கள். சூட்டில் முதலில் போவது அவைதான். பானெட்டுக்கு இதோடு இன்ஜின் சூடும் சேர்கிறது.

அதனால் முழு வண்டிக்கும் ஒரே கெடு வைப்பதை நான் விட்டுவிட்டேன். பானெட்டும் கூரையும் முதலில் போகும். அடுத்தது டிக்கி மூடியின் மேல்பக்கம், கதவுகளின் அடிப்பகுதி. கதவுகளின் நடுப்பகுதியில் இங்கேகூட மூன்று மாதம் தாங்குகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை பானெட், கூரை மட்டும். அதற்கு அரை மணி நேரம் போதும். முழு வண்டிக்குச் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முழு வண்டிக்கும் மாதாமாதம் போடுவது என் பார்வையில் வீண் வேலை. ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் தடிமன் ஏறிக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஏறாது. புதுப் பூச்சில் இருக்கும் கரைப்பான் பழைய பூச்சை இளக்கிவிடும். துடைக்கும்போது மிச்சம் துணியோடு வந்துவிடும். இரண்டாவது கை போடுவது விட்டுப்போன இடங்களை மூடத்தான்.

நாள் வந்துவிட்டதா என்பதை நாட்காட்டியைவிட ஒரு மக் தண்ணீர் நன்றாகச் சொல்லும். ஷாம்பூ போட்டுக் கழுவி முடித்த பிறகு பானெட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். உருண்டு ஓடினால் வேக்ஸ் இருக்கிறது. தட்டையாகப் பரவி அப்படியே நின்றால் போய்விட்டது. பல கார் கையேடுகளிலும் இதுதான் அளவுகோல். ஆனால் அழுக்கு வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. வேக்ஸ் மேல் புழுதிப் படலம் இருந்தாலும் தண்ணீர் உருளாது. கழுவினதும் பார்த்தால் பழையபடி முத்துக் கட்டும். அதேபோல 'வாஷ் அண்ட் வேக்ஸ்' வகை ஷாம்பூ போட்டால் வேக்ஸ் போய்விட்ட வண்டியிலும் தண்ணீர் உருளும். சோதனைக்குச் சாதா கார் ஷாம்பூதான் சரி.

வேக்ஸைச் சீக்கிரம் கொல்வது எது என்று கேட்டால் பாத்திரம் கழுவும் லிக்விடைச் சொல்வேன். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தானே அது இருக்கிறது, வேக்ஸை மட்டும் விட்டுவைக்குமா? துணிக்குப் போடும் சோப்புத்தூளும் அப்படித்தான். வாட்டர் வாஷ் கடைகளில் அடிக்கும் ஃபோமிலும் சில காரத்தன்மை மிகுந்தவை. நான் போன ஒரு கடையில் இரண்டே வாஷில் புது வேக்ஸ் காணாமல் போனது. அங்கிருந்த பையன், "அண்ணாச்சி, மாசம் ஒரு பாலிஷ் போட்டாத்தான் மினுமினுன்னு நிக்கும்" என்றான். அவன் சொன்ன பாலிஷ், மெஷினில் காம்பவுண்ட், அதாவது உராய்கிற பசை, வைத்துத் தேய்ப்பது. பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. பெயிண்டுக்கு வெயிலிலிருந்து பாதுகாப்பு தருவதும் முக்கியமாக அதுதான். மாதாமாதம் தேய்த்தால் சில வருஷத்தில் கூரை வெளுத்து உரிய ஆரம்பிக்கும். வேக்ஸ் எதையும் சுரண்டாது, மேலே உட்காரும், தேய்ந்து போகும், மறுபடி போடலாம். கடையில் இரண்டையும் சேர்த்து 'வேக்ஸ் பாலிஷ்' என்று ரேட் சொன்னால், மெஷின் உண்டா, காம்பவுண்ட் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

காலையில் காய்ந்த மஞ்சள் துணியால் புழுதி தட்டுகிற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊர்ப் புழுதியில் மணல் இருக்கிறது. உலர்துணியால் இழுத்தால் வேக்ஸோடு கிளியர் கோட்டிலும் கோடு விழும். புழுதியோடு நிற்பதே மேல்.

போடும் விதம் பெரிய வித்தை இல்லை. சூரியன் இறங்கின பிறகு, பானெட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, மிக மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவின இடத்தில் வேக்ஸ் தெரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவு போதும். விரலால் இழுத்துப் பார்த்து, பிசுபிசுக்காமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். இங்கே காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் அதற்குக் கூடுதல் நேரம் ஆகும். மெல்லிசாகப் போடுவதால் ஒரு சின்ன டப்பா எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வருகிறது. செலவு சில நூறு ரூபாய். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. முன்கண்ணாடியில் வேண்டவே வேண்டாம், வைப்பர் இழுக்கும், இரவில் எதிர் வெளிச்சம் கலங்கும்.

வருஷம் ஒருமுறை, கழுவின பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவிப் பார்ப்பேன். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். தெரிந்தால் ஷாம்பூ நீரைத் தெளித்துக்கொண்டே க்ளே பார் (ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) ஓட்டிவிட்டுத்தான் வேக்ஸ். அதைச் செய்த தடவைகளில் வேக்ஸ் கூடுதலாகவே தாங்குகிறது.

காக்கை எச்சம் பற்றி ஒன்று. வேக்ஸ் இருந்தால் துடைக்க அவகாசம் கூடுதலாகக் கிடைக்கும், விலக்கு கிடைக்காது. வெயிலில் அரை நாள் விட்டால் வேக்ஸைத் தாண்டிக் கிளியர் கோட்டில் தடம் விழுந்துவிடும்.

போன வருஷம் பின் பம்பரில் உரசல் விழுந்து பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. பெயிண்டர் இரண்டு மாதம் வேக்ஸ் கூடாது என்றார். சரிதான், பட்டறையில் அடித்த பெயிண்டில் இருக்கும் கரைப்பான் வெளியேற நாள் பிடிக்கும், மூடிவிடக்கூடாது. ஷோரூமிலிருந்து வருகிற புது வண்டிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை, தொழிற்சாலையில் சூட்டில் வைத்தே இறுக்கி அனுப்புகிறார்கள்.

வேக்ஸுக்குப் பதிலாகப் போடும் செயற்கைப் பாலிமர் சீலன்ட்டையும் ஒரு கோடை முழுக்கப் போட்டுப் பார்த்தேன். பானெட்டில் ஆறு வாரம் என்பது மூன்று மாதத்துக்கு மேல் நீண்டது. கருநீலத்தில் கர்னாபா தரும் ஆழம் அதில் இல்லை, கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருந்தது. வேலைப்பளு உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். வெள்ளை வண்டிக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

செராமிக் கோட்டிங் செய்துவிட வேண்டியதுதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புது வண்டி என்றால் செய்திருப்பேன். பழைய வண்டியில் கோட்டிங்குக்கு முன்னால் கீறல்களை மெஷினால் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அத்தனை கீறலும் அடியில் அப்படியே மாட்டிக்கொள்ளும். அதற்கு ஆகும் செலவில் பல வருஷத்துக்கு வேக்ஸ் வாங்கலாம். போர் தண்ணீர்க் கறை செராமிக்கிலும் விழும், அதிலும் துடைத்துத்தான் ஆக வேண்டும். அடுத்த முழுப் பூச்சு செப்டம்பர் கடைசியில். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திறந்த வெளியில் காய்ந்த பானெட் கிடைப்பதே கஷ்டம்.