படகு எஞ்சின் இம்பெல்லர் வாங்குவோர் கவனத்திற்கு: எனக்குப் போனது ரூ.38,600

பழுதான இம்பெல்லரை எனக்கு விற்ற கடைக்காரர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார் என்பது நேற்று மாலைதான் உறுதியானது. இன்னொருவர் அங்கே போய் ஏமாறுவதற்குள் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் கேரட் தோட்டத்துக்கு மின் இணைப்பு இல்லை. மீன்பிடிப் படகிலிருந்து கழற்றி விற்கப்பட்ட பழைய டீசல் எஞ்சினைக் கொண்டுதான் ஆறு ஆண்டுகளாக ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்றுகிறோம். அதற்கு ரேடியேட்டர் கிடையாது. படகில் கடல்நீரை இழுத்துக் கூலருக்குத் தள்ளிய சிறிய பம்ப், இங்கே ஓடைநீரை இழுத்துத் தள்ளி எஞ்சினின் சூட்டைத் தணிக்கிறது. அந்தப் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான ரப்பர் இம்பெல்லர் சுழல்கிறது; தண்டில் பொருந்தும் பித்தளைக் குழலான புஷ்ஷின் மேல் அது வார்க்கப்பட்டிருக்கும். அதன் இதழ்களில் வெடிப்பு கண்டிருந்ததால், மாற்றிவிடலாம் என்று பிப்ரவரித் தொடக்கத்தில் மலையிறங்கிச் சமவெளியில் உள்ள ஒரு டீசல் எஞ்சின் உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

அந்த மனிதரை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. என் பழைய இம்பெல்லரை வாங்கித் துணியால் துடைத்து, வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டம், அகலம், தண்டுத்துளை மூன்றையும் அளந்து, தாளில் குறித்துக்கொண்டுதான் உள்ளே போனார். முத்திரையிட்ட பெட்டியோடு திரும்பி வந்து, "கண்ணு, இது கம்பெனிச் சரக்கு, அசல் நியோபிரீன் ரப்பர். நம்பி மாட்டு, ரெண்டு வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். தேநீரும் வாங்கிக் கொடுத்தார். விலை ரூ.3,200. பில் கேட்டபோது, போட்டால் வரி சேரும் என்றார். அத்தனை பொறுப்பாக அளந்து கொடுத்தவரிடம் மேற்கொண்டு பேச மனம் வரவில்லை.

கிளிசரின் தடவி, இதழ்களைச் சுழலும் திசைக்கு மடித்துச் செருகி, கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கெட்டோடு கவர் பிளேட்டை முடுக்கினேன். மூன்று நாள் தண்ணீர் நன்றாக வந்தது. நான்காம் நாள் நான் மேல் பாத்தியில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தபோது பெயின்ட் கருகும் வாடை வந்தது. ஓடி இறங்குவதற்குள் எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கூலரிலிருந்து வெளியேறும் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

கவர் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் ஆறு இதழும் முழுதாக இருந்தன. ஆனால் இம்பெல்லரைக் கையில் பிடித்துக்கொண்டு புஷ்ஷைத் திருகியபோது, பித்தளை மட்டும் வழுக்கிக்கொண்டு தனியாகச் சுற்றியது. ரப்பரும் பித்தளையும் ஒட்டவே இல்லை. தண்டு சுழன்றிருக்கிறது, இம்பெல்லர் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது.

சூட்டில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது. அதைத் தேய்த்துச் சமன்செய்து, ஹெட் கேஸ்கெட் மாற்றி, மெக்கானிக் கூலியும் சேர்த்து ரூ.24,400 ஆயிற்று. கேரட்டுக்கு நாற்பது நாள் வயது; காயவிட முடியாது என்பதால் பதினொரு நாள் வாடகைப் பம்புக்கு ரூ.11,000 கொடுத்தேன். இம்பெல்லர் விலையோடு மொத்தம் ரூ.38,600.

கடைக்குப் பேசினால், "தண்ணி இல்லாம ஓட்டியிருப்பீங்க" என்றார். அப்படி ஓட்டியிருந்தால் இதழ்களின் நுனி கருகித் தேய்ந்திருக்கும் என்று படமெடுத்து அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. மறுநாள் வேறொருவர் எடுத்து, முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார். அதற்கடுத்த வாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நேரிலேயே போனேன். அதே வெர்னியர் மேசை மேல் கிடக்க, அதே மனிதர், "பில் இருக்கா? இது எங்க சரக்குதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் வாயால் கண்ணு என்றழைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த ரூ.38,600 எங்கள் வீட்டில் அடுத்த விதைக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்திருந்த பணம்.

பணத்தைக் கைப்பேசி வழியே செலுத்திய பதிவு இருப்பதால், நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், மனம் நிலைகொள்ளவில்லை. பில் இல்லாமல் இம்பெல்லர் வாங்காதீர்கள். கடையிலேயே ரப்பரைப் பிடித்துக்கொண்டு புஷ்ஷை அழுத்தித் திருகிப் பாருங்கள். இம்மியளவு அசைந்தாலும் வேண்டாம். பழையதில் இதழ் ஏதாவது உடைந்திருந்தால், அந்தத் துண்டைக் கூலருக்குள் தேடி எடுத்த பிறகே புதியதை மாட்டுங்கள். மாட்டிய பிறகு முதல் சில நாளாவது வெளிக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க ஓர் ஆளை எஞ்சின் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.